முதியோர் வன்கொடுமை தடுப்பு அமைப்பை நடத்துவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் முதியோருக்காக டிரஸ்ட் நடத்துபவர்கள், அப்படியொன்றில் தலைவராகவோ அறங்காவலராகவோ வரச்சொல்லி அழைக்கப்பட்டவர்கள், இருக்கும் அமைப்பைப் பெரியதாக்க நினைப்பவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சட்டத் தகவல்கள் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியவை.

முதியோர் வன்கொடுமை என்றால் அடிப்பது, உதைப்பது மட்டும்தானா?

இல்லை. நம்பிக்கை இருக்க வேண்டிய ஓர் உறவுக்குள், ஒரு முறையோ பல முறையோ செய்யும் செயலால் பெரியவருக்குத் தீங்கோ மனவேதனையோ நேர்ந்தால் அது வன்கொடுமை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு அதே தீங்கு நேர்ந்தாலும் வன்கொடுமைதான். இந்த வரையறையை 1990-களில் எழுதியது பிரிட்டனில் 1993-ல் தொடங்கப்பட்ட ஆக்‌ஷன் ஆன் எல்டர் அப்யூஸ் என்ற தொண்டு நிறுவனம். 2020 முதல் அதற்கு ஹவர்கிளாஸ் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் பின்னால் இதையே எடுத்துக்கொண்டது.

நம் வீடுகளில் இது எப்படி இருக்கும்? ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாதம் வரும் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை வந்த அன்றே எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடி உடைந்தால் மாற்றித் தர மாட்டார்கள். சர்க்கரை மாத்திரை தீர்ந்தால் வாங்க மாட்டார்கள். விருந்தாளி வந்தால் மாடி ஷெட்டுக்குப் போகச் சொல்வார்கள், பேரப்பிள்ளையைப் பக்கத்தில் விட மாட்டார்கள். "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று காதுபடப் பேசுவார்கள். இதில் எதுவும் உடம்பில் காயம் விடாது. காயத்தைத் தேடிப் போகும் அமைப்பு பெரும்பாலான கொடுமைகளைக் கவனிக்காமல் கடந்துவிடும். உங்கள் ஊழியர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

இது அவ்வளவு பரவலாக இருக்கிறதா?

60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் ஓர் ஆண்டுக்குள் ஏதாவது ஒரு வகைக் கொடுமையை அனுபவித்திருக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 24 சம்பவங்களில் ஒன்றுதான் வெளியே வருகிறது என்றும் அது மதிப்பிடுகிறது. இந்தியாவில் 2017-18-ல் எடுக்கப்பட்ட முதுமை குறித்த தேசிய ஆய்வில் முதியோரில் சுமார் 5 சதவீதம் பேர்தான் தாங்கள் மோசமாக நடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். இந்த இடைவெளியை வைத்து நம் ஊரில் கொடுமை குறைவு என்று முடிவுகட்ட என்னால் முடியவில்லை. கேள்வி கேட்பவர் வந்து உட்காருவது மகன் வீட்டுத் திண்ணையில்தான். மருமகள் காபி கொண்டுவந்து வைக்கிறார். அந்த இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

தமிழ்நாடு வேகமாக மூப்படையும் மாநிலம். 2011 கணக்கெடுப்பிலேயே இங்கே 10-ல் ஒருவருக்கு மேல் 60 வயதைக் கடந்திருந்தார்கள். 2021-க்கான அரசின் கணிப்பு 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த நிலை நமக்குத்தான்.

முதியோர் இல்லம் ஒன்று தொடங்கினால் போதாதா?

நிறைய நல்லவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள். ஆதரவே இல்லாதவர்களுக்கு இல்லம் தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் கொடுமையைத் தடுப்பதற்கு இல்லம் விடையாகாது. அடித்தவர் வீட்டில் தங்கிவிடுகிறார், அடிபட்டவர் வெளியேறுகிறார். வீடு யார் பெயரில் இருந்தது, அதைக் கட்டியது யார் என்ற கேள்விகள் அதோடு முடிந்துபோகின்றன. பெரும்பாலான பெரியவர்கள் கேட்பது தன் வீடு, தன் கட்டில், தன் தெருவில் மரியாதையோடு இருப்பது. அதை வாங்கித்தர ஓர் ஆள் வீட்டுக்குப் போக வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் தர உங்களிடம் பணம் இருக்கிறதா என்பதுதான் தலைவராக உங்கள் முன் இருக்கும் முதல் கேள்வி. கட்டிடத்துக்கு நன்கொடை கிடைப்பது எளிது, பெயர்ப்பலகையில் பெயர் வரும். சமூகப் பணியாளரின் பஸ் டிக்கெட்டுக்கும் சம்பளத்துக்கும் நன்கொடை கேட்பது கடினம். கடினமானதைக் கேளுங்கள்.

டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா? எதாகப் பதிவு செய்வது?

மூன்றும் செல்லும். டிரஸ்டைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். இதுதான் எளிது, அதே காரணத்தால் ஒரே குடும்பத்தின் கைக்குள் சுருங்கிப்போவதும் எளிது. சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது 7 பேர் வேண்டும். நிர்வாகக் குழுவை மூன்று ஆண்டுக்குள் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும், ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்குத் தர வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 8-வது பிரிவில் லாப நோக்கமற்ற கம்பெனியும் தொடங்கலாம். அதில் கணக்குவழக்கு கெடுபிடி அதிகம்.

என் விருப்பம் சங்கம். தலைவரை மாற்றும் வழி அதன் விதிகளிலேயே இருக்கிறது.

நிர்வாகக் குழுவில் யாரையெல்லாம் சேர்க்கலாம்?

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், டாக்டர் ஒருவர், ஆடிட்டர் ஒருவர், ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். பல குழுக்கள் இப்படித்தான் இருக்கின்றன. எல்லோரும் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள். உதவி கேட்டு அலைந்த அனுபவம் அவர்களில் யாருக்கும் இருக்காது.

குறைந்தது இரண்டு பேராவது உங்களிடம் உதவி பெறும் வயதிலும் நிலையிலும் உள்ளவர்களாக இருக்கட்டும். ஒருவர் என்றால் கூட்டத்தில் தலையாட்டிவிட்டுப் போவார், இரண்டு பேர் இருந்தால் பேசுவார்கள். அதில் ஒருவராவது பெண், முடிந்தால் கணவரை இழந்தவர். சொத்து, பென்ஷன், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றப்படுபவர்கள் அவர்கள்தான். கூட்டத்தைக் காலை 11 மணிக்கு, படி ஏறத் தேவையில்லாத இடத்தில் வையுங்கள். அறிக்கையைப் பெரிய எழுத்தில், தமிழில் அடியுங்கள். முதியோர் அமைப்பின் கூட்டத்துக்கு முதியவர் வர முடியாதபடி மாடியில் அறை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அதை மாற்ற ஒரு நாள் போதும்.

மாவட்ட சமூக நல அலுவலகத்தோடு பேசிப் பழகியவர், சொத்துப் பத்திரம் படிக்கத் தெரிந்தவர் என இரண்டு பேர் இருந்தால் பெரிய பலம். சினிமா பிரபலம் இல்லாமலும் நடத்தலாம்.

ஒரு புகார் வந்தால் முடிவெடுக்க வேண்டியது தலைவரா, களப்பணியாளரா?

பெரியவர். இந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்.

கொடுமை என்பதே ஒருவருடைய முடிவுகளை இன்னொருவர் பறிப்பதில் தொடங்குகிறது. எப்போது சாப்பிடுவது, யாரைப் பார்ப்பது, பென்ஷனை எப்படிச் செலவழிப்பது என்று ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகும். அப்புறம் நாம் நல்லெண்ணத்தோடு போகிறோம். "உங்களை இல்லத்தில் சேர்த்துவிடுகிறோம்", "மகன் மேல் கேஸ் போட்டுவிடுகிறோம்" என்று நாமே முடிவு செய்கிறோம். அவரைப் பொறுத்தவரை முடிவெடுப்பவரின் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

எனவே விதி ஒன்று: முதல் சந்திப்பில் பெரியவரோடு தனியாகப் பேச வேண்டும். மகன் கூட இருந்தால் அது சந்திப்பாகாது. கோயில், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் சர்க்கரை நோய்ப் பிரிவு என எங்கேயாவது தனியாகக் கிடைப்பார். விதி இரண்டு: "என்ன நடந்தது?" என்று கேட்ட உடனே "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டும். பதில் வழக்குக் கோப்பின் முதல் வரியாக, அவர் சொன்ன வார்த்தையிலேயே இருக்க வேண்டும். "எனக்கு ராத்திரி சோறு சூடா வேணும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றால் அதை அப்படியே எழுதுங்கள். விதி மூன்று: அந்த வரியோடு பொருந்தாத எந்த நடவடிக்கைக்கும் களப்பணியாளர் தலைவரிடம் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் நடைமுறையில் வைத்திருந்தால் தலைவரின் வேலை பாதி முடிந்தது.

உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்கக் கூடாது. 112-க்கு அழையுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதற்குத் தலைவரின் அனுமதிகூட வேண்டியதில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

"என் பிள்ளை மேல் புகார் வேண்டாம்" என்று பெரியவர் மறுத்துவிட்டால்?

பெரும்பாலானவர்கள் மறுக்கத்தான் செய்வார்கள். பயம் மட்டும் காரணமில்லை. அவன் இன்னும் அவர் பெற்ற பிள்ளைதான். ஊர் என்ன பேசும், நாளைக்குக் கொள்ளி வைக்க யார் வருவார்கள், போலீஸ் போனபின் அதே வீட்டில்தானே இரவு படுக்க வேண்டும் என்றெல்லாம் நினைப்பார்கள். இதையெல்லாம் அறியாமை என்று ஒதுக்கும் அமைப்பு அவர்களுக்கு உதவாது.

மறுத்தால் கோப்பை மூடாதீர்கள். போவதற்கு வேறு காரணம் கண்டுபிடியுங்கள்: பிரஷர் பார்க்க, உதவித்தொகை மனு எழுத, கண் முகாமுக்கு அழைத்துப்போக. வெளியாள் ஒருவர் மாதம் இரண்டு முறை வாசலில் வந்து நிற்கிறார் என்பதே பல வீடுகளில் கையை அடக்கும். 14567 என்ற எண்ணை அவர் கையில் எழுதிக் கொடுங்கள், அல்லது நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள். அது முதியோருக்கான தேசிய உதவி எண், கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். உங்கள் அமைப்புக்குத் தனி எண் இருந்தால் அதன் நேரத்தை உண்மையாகச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு எடுக்க ஆளில்லாத அமைப்பு "24 மணி நேரமும்" என்று நோட்டீஸ் அடிக்கக் கூடாது.

அவர் மனம் மாறலாம். மாறும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

நினைவு மறதி நோய் இருந்து, நடப்பதைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை என்றால் நிலைமை வேறு. அப்போது மனநல மருத்துவரின் மதிப்பீடு வேண்டும். களப்பணியாளர் பார்வையில் முடிவு செய்யக் கூடாது. தடுமாறிப் பேசுபவர்கள் எல்லோரும் முடிவெடுக்க முடியாதவர்கள் அல்ல.

சட்டத்தில் எங்களுக்கு என்ன இடம் இருக்கிறது?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 தொண்டு அமைப்புகளுக்கு வெளிப்படையாகவே இடம் கொடுத்திருக்கிறது. தமிழ்நாடு விதிகள் 2009-ல் வந்தன. பெரியவரால் தானே மனு போட முடியாதபோது, அவர் அதிகாரம் அளித்த பதிவுபெற்ற அமைப்பு அவர் சார்பில் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம் (5-வது பிரிவு). தீர்ப்பாயம் என்பது வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ.தான். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம், 60 நாளுக்குள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். பராமரிப்புத் தொகை மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பிள்ளை இல்லாதவர் என்றால், அவர் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினரிடம் கேட்கலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

வக்கீல் இல்லாமலே பெரியவர் வந்து பேசும்படிதான் 17-வது பிரிவு இந்தத் தீர்ப்பாயத்தை அமைத்திருக்கிறது. சில உயர் நீதிமன்றங்கள் வக்கீலுக்கு இடம் தந்தும் இருக்கின்றன. மகன் தரப்பு வக்கீலோடு வந்தால் பெரியவர் தனியாக நிற்கக் கூடாது. மாவட்ட சமூக நல அலுவலர் பராமரிப்பு அலுவலராக அவர் சார்பில் நிற்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

தாய்க்கு இன்னொரு வழியும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் 2005 மனைவிக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் தாயும் அதைப் பயன்படுத்தலாம். 2016-ல் உச்ச நீதிமன்றம் அதிலிருந்து "வயது வந்த ஆண்" என்ற கட்டுப்பாட்டை நீக்கியதால், எதிர்த்தரப்பில் பெண் இருந்தாலும் மனு நிற்கும்.

வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், இப்போது சோறு இல்லை. திரும்ப வாங்க முடியுமா?

முடியும், பத்திரத்தையும் வழக்கையும் பொறுத்து. அடிக்கடி வரும் பிரச்சினை என்பதால் தலைவருக்கு இதில் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

சட்டத்தின் 23-வது பிரிவு சொல்வது இது: என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் சொத்தை எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும், தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது பொருந்தும்.

சிக்கல் "நிபந்தனையோடு" என்ற சொல்லில் வந்தது. நம் தான செட்டில்மெண்ட் பத்திரங்களில் "அன்பின் காரணமாகவும் பாசத்தின் காரணமாகவும்" என்று இருக்கும், பராமரிப்பைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பெற்ற பிள்ளையிடம் எந்தத் தாய் நிபந்தனை எழுதி வாங்குவாள்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாகக் காட்டாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினம் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பும் பாசமும் என்று எழுதியிருப்பதிலேயே பராமரிப்பு நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. எனவே "பத்திரத்தில் எழுதவில்லையே, ஒன்றும் செய்ய முடியாது" என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

தடுப்பு வேலை இதற்கு முன்னாலேயே நடக்க வேண்டும். பத்திரம் எழுதப் போகும் பெரியவரிடம் நாம் சொல்ல வேண்டியது இரண்டே வரி. பராமரிப்பு நிபந்தனையையும், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்தில் எழுதுங்கள். இப்போதே எழுதித் தருவதற்குப் பதில் உயில் எழுதலாம், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பத்திர எழுத்தர்களைக் கூட்டி ஒரு நாள் பேசினால் ஒரு தாலுகாவில் பல வீடுகளைக் காப்பாற்றலாம். முகாம்களில் போர்வை கொடுப்பதைவிட இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

எல்லாப் புகாரிலும் மருமகள்தானே காரணம்?

அப்படி நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகும் ஊழியரை அனுப்பாதீர்கள். முதியோருக்கான தொண்டு நிறுவனமான ஹெல்ப்ஏஜ் இந்தியா 2018-ல் எடுத்த ஆய்வில் முதலில் வருவது மகன், அதன்பின் மருமகள். வீட்டில் ஐந்து பேர் இருக்க, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மலஜலம் எடுப்பது மருமகள் ஒருத்தி மட்டும் என்றால், அவர் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அது கொடுமையை நியாயமாக்காது. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வேறு ஒருவர் வந்து பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தால் அந்த வீடு மாறலாம்.

சட்டத்திலும் கவனம் வேண்டும். மகனுக்கும் மருமகளுக்கும் சண்டை, மருமகளை வெளியேற்ற மாமனார் மாமியார் பெயரில் மூத்த குடிமக்கள் சட்டத்தில் மனு. இப்படியும் வரும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மருமகளுக்குள்ள குடியிருப்பு உரிமையை இந்த வழியில் பறிக்க முடியாது என்று தெளிவாக்கியது. உங்கள் அமைப்பின் லெட்டர்பேட் அப்படியொரு மனுவோடு போகக் கூடாது. இதைப் பார்த்துத் தடுப்பது தலைவரின் பொறுப்பு.

வெளிநாட்டில் இருக்கும் மகள் போன் செய்து, அம்மாவை அண்ணன் கொடுமைப்படுத்துவதாகச் சொல்கிறார். எங்கே தொடங்குவது?

அம்மாவிடம். மகளின் கவலை உண்மையாக இருக்கலாம், சொத்துத் தகராறின் ஒரு பக்கமாகவும் இருக்கலாம். போனிலேயே அதை முடிவு செய்யாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். அம்மா சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் மகளுக்கும் சொல்லாதீர்கள். இது மகளுக்குக் கோபம் வரவைக்கும். பணம் அனுப்புபவர் அவர் என்றால் இன்னும் கோபம் வரும். பரவாயில்லை.

தலைக்கூத்தலைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாமா?

பேசத்தான் வேண்டும். நோயில் விழுந்த முதியவரைக் குடும்பமே சேர்ந்து சாகடிக்கும் இந்த வழக்கம் விருதுநகர் மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்திருக்கிறது. 2010-ல் செய்திகளில் வந்தபின் நாடு முழுதும் அதிர்ந்தது. சடங்கின் பெயரால் நடந்தாலும் அது கொலைதான்.

ஆனால் அந்த ஊர்களுக்குப் போய் மேடை போட்டுத் திட்டுவதால் ஒன்றும் ஆகாது. உழைக்கும் குடும்பம், நாள் கூலி, படுக்கையில் ஒருவர், புண் வந்த முதுகு, பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை, வலி மாத்திரை இல்லை. இந்த நிலைமையில்தான் அந்தப் பேச்சு எழுகிறது. வீட்டுக்கே வரும் வலிநிவாரணச் சிகிச்சை, அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர், படுக்கைப்புண்ணுக்கு மருந்து, டயபர் இவைதான் அங்கே கொலையைத் தடுக்கும் கருவிகள். கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அறிந்தவர்கள். அவர்களோடு மாதம் ஒரு முறை உட்காருங்கள். உடனடி அபாயம் என்று தெரிந்தால் தயங்காமல் போலீஸுக்குச் சொல்லுங்கள். "ஊர் வழக்கம், நமக்கேன்" என்று ஒதுங்கும் தலைவர் இந்த வேலைக்கு வரக் கூடாது.

பெரியவர் தன் வீட்டை எங்கள் டிரஸ்டுக்கே எழுதிவைக்க விரும்புகிறார். வாங்கலாமா?

கூடாது. நம்மிடம் உதவி பெறும் ஒருவரிடமிருந்து சொத்தோ நகையோ உயிலோ அமைப்பும் வாங்கக் கூடாது, ஊழியரும் வாங்கக் கூடாது, அறங்காவலரின் உறவினரும் வாங்கக் கூடாது. அவர் எவ்வளவு மனமுவந்து கொடுத்தாலும் சரி. பாசத்தின் பேரில் சொத்தை எழுதிக்கொடுத்து ஏமாந்தவர்களுக்காகத்தான் நாம் ஆர்.டி.ஓ. அலுவலகம் போகிறோம். இதை அமைப்பின் விதியாகவே எழுதிவிடுங்கள், மறுக்கும்போது ஊழியருக்குச் சங்கடம் இருக்காது.

நன்கொடை திரட்ட அழும் பாட்டியின் போட்டோவைப் போடலாமா?

வேண்டாம். அவர் நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டியவர். மகன் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்ப்பான், இரவு வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். பெயர், ஊர், தெரு, முகம் எதுவும் இல்லாமலே என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று எழுதலாம். ஜூன் 15 உலக முதியோர் வன்கொடுமை விழிப்புணர்வு நாள். 2006-ல் தொடங்கி, 2011-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது. அன்று பத்திரிகையாளர்கள் "ஒரு பாதிக்கப்பட்டவரைக் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் குழுவில் உள்ள மூத்தவர் ஒருவர் பேசட்டும்.

பணம் எங்கிருந்து வரும்?

உள்ளூர் சின்ன நன்கொடைதான் நிலையானது. மாதம் 200 ரூபாய் தரும் முந்நூறு பேர் இருந்தால் ஆண்டுக்கு 7,20,000 ரூபாய், சிக்கனமாக நடத்தினால் இரண்டு களப்பணியாளர்களை வைத்துக்கொள்ளலாம். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க வருமான வரிச் சட்டப் பதிவுகள் வேண்டும். அவை காலக்கெடு உள்ளவை, புதுப்பிக்க மறந்தால் பெரிய இடி. கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் முதியோர் இல்லங்களுக்கும் பகல்நேர மையங்களுக்கும் வரும், அதற்கும் தனிப் பதிவு உண்டு. வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி கட்டாயம். 2020 திருத்தத்துக்குப் பின் அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்குக் கொடுக்கவும் கூடாது. கணக்கைத் தகவல் பலகையில் தமிழில் ஒட்டுங்கள்.

எங்கள் ஊழியர் மேலேயே புகார் வந்தால்?

அன்றே அவரை அந்த வேலையிலிருந்து விலக்கி வையுங்கள். விசாரணையை வெளியாள் ஒருவர் செய்யட்டும், தலைவரும் அந்த ஊழியரின் மேலதிகாரியும் அதில் இருக்கக் கூடாது. குற்றம் என்று தெரிந்தால் போலீஸ். "நம் பெயர் கெட்டுவிடும்" என்று உள்ளேயே முடித்துக்கொள்வது, "குடும்ப மானம்" என்று மகனை மறைக்கும் வீட்டின் அதே காரியம். இல்லம் நடத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். படுக்கையோடு கட்டி வைப்பது, தூக்க மாத்திரை கொடுத்து அமைதியாக்குவது, போன் பேச விடாமல் வைப்பது எல்லாம் வன்கொடுமையே. சேர்ந்திருப்பவர்கள் குழுவிலுள்ள யாரோடும் தனியாகப் பேச வழி இருக்க வேண்டும்.

களப்பணியாளர்கள் ஓராண்டில் விலகிவிடுகிறார்கள். என்ன செய்வது?

சம்பளத்தைக் கூட்டுங்கள். அடுத்தது, யாரையும் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கோபமான மகன் கதவைத் திறக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். வாரம் ஒரு முறை மூடிய அறையில் வழக்குகளைப் பேசும் கூட்டம் வையுங்கள், அதில் தலைவர் குறைவாகப் பேசட்டும். தான் பார்த்துவந்த பெரியவர் இறந்துவிட்டால் அந்த ஊழியருக்கு அன்று விடுப்பு கொடுங்கள்.

நிறுவனர் 25 ஆண்டாக அவரே தலைவர். அவரை எப்படி நகர்த்துவது?

மரியாதையோடு, எழுத்தில், தேதி குறித்து. நிறுவனர்கள் பலர் தங்கள் வீட்டையே அடகு வைத்து அமைப்பைக் கட்டியவர்கள். "வயதாகிவிட்டது, ஒதுங்குங்கள்" என்று சொல்வது முதியோர் அமைப்பின் வாயிலிருந்து வரக் கூடாத சொல். வயதைப் பேசாதீர்கள், பதவிக்காலத்தைப் பேசுங்கள். மூன்று ஆண்டு, அதிகபட்சம் இரண்டு முறை என்ற விதி எல்லோருக்கும் பொருந்தட்டும், 35 வயதுக்காரருக்கும். அடுத்த தலைவர் ஓராண்டு நிறுவனரோடு கூடவே நடக்க வேண்டும்: ஆர்.டி.ஓ. அலுவலகம், ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், ஆடிட்டர், பேங்க் என எல்லா இடத்துக்கும். நிறுவனருக்கு வழிகாட்டியாக இடம் கொடுங்கள், காசோலையில் கையெழுத்து வேண்டாம்.

இலங்கையில் உள்ளவர்களுக்கு இது பொருந்துமா?

அமைப்பு நடத்தும் முறை பொருந்தும், சட்டம் வேறு. அங்கே 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2011-ல் திருத்தப்பட்டது. முதியோருக்கான தேசிய சபையும் பராமரிப்பு வழக்குகளை விசாரிக்கும் சபையும் அதன் கீழ் வருபவை. பிள்ளைகள் வெளிநாட்டில் சிதறியிருக்கும் யாழ்ப்பாணம் போன்ற இடங்களில், வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களால் ஏமாற்றப்படுவதையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் நன்றாகச் செய்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை முகாம், எத்தனை போர்வை என்று எண்ணாதீர்கள். மூன்று கேள்விகளுக்கு ஆண்டுதோறும் பதில் எழுதுங்கள். புகார் தந்தவரை மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோமா? கோப்பின் முதல் வரியில் அவர் கேட்டது கிடைத்ததா? தீர்ப்பாயம் தரச் சொன்ன மாதத் தொகை உண்மையில் அவர் கைக்கு வருகிறதா? மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. உத்தரவு வாங்கியதோடு வெற்றி என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். மகன் இரண்டு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்தியிருப்பான். அப்படி நிறுத்தினால் மூன்று மாதத்துக்குள் அதே தீர்ப்பாயத்தில் வசூலிக்கக் கேட்டு மனு போட வேண்டும், தாமதித்தால் அந்தத் தொகை கைநழுவும். ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே மாதாமாதம் "வந்தது", "வரவில்லை" என்று குறித்து வாருங்கள். அந்த நோட்டைத் தலைவர் தானே ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி திறந்து பார்க்க வேண்டும்.